முதல் டேக்கிலேயே எல்லாம் கொட்டிவிடுகிறவர்

அந்த விக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'டபுள் இண்டெம்னிட்டி' படத்தை முதல்முறை பார்த்தபோது எனக்கு அதன் கதாநாயகி பார்பரா ஸ்டான்விக் யாரென்றே தெரியாது. 1944இல் வந்த படம், பில்லி வைல்டர் இயக்கியது, குற்றக்கதைப் பிரியர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது, அவ்வளவுதான் தெரியும். மாடிப்படிக்கு மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்து நிற்கிறாள். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கீழேயிருந்து வாயைப் பிளந்து பார்க்கிறான். நானும் பார்த்தேன், ஆனால் அவள் தலையைத்தான். ஊர்த் திருவிழா நாடகத்தில் ராஜபார்ட் போட்டவர் அவசரத்தில் மாட்டிக்கொண்டு மேடையேறியது போல ஒரு வெளிறிய மஞ்சள் விக். இதை அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. பாராமவுண்ட் ஸ்டுடியோவின் தயாரிப்புத் தலைவர், நாம் பார்பரா ஸ்டான்விக்குக்குப் பணம் கொடுத்தால் ஜார்ஜ் வாஷிங்டன் அல்லவா வந்து நிற்கிறார் என்று கிண்டலடித்தாராம் (ஓவியங்களில் வெள்ளைச் சுருள்முடியோடு இருக்கும் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி).

சரி, விக் கிடக்கட்டும். படத்தின் நடுவில் கொலை வருகிறது. காரை அவள் ஓட்டுகிறாள், பக்கத்தில் புருஷன், பின்சீட்டுக்குக் கீழே அவள் காதலனாகிவிட்ட அந்த ஏஜெண்ட் ஒளிந்திருக்கிறான். ஆளரவமற்ற தெருவில் மூன்று முறை ஹாரன் அடிக்கிறாள், அதுதான் சைகை. கொலையை நமக்குக் காட்டுவதில்லை. கேமரா அவள் முகத்தைவிட்டு நகர்வதே இல்லை. பக்கத்தில் ஒரு மனிதன் கழுத்து நெரிபட்டுச் செத்துக்கொண்டிருக்கிறான், இவள் ரோட்டைப் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கண் மட்டும் ஒரு நொடி லேசாக விரிகிறது, உதட்டோரத்தில் ஏதோ ஒன்று, சிரிப்பு என்று சொல்ல முடியாது, பலநாள் பல்வலி நின்றால் வரும் நிம்மதி மாதிரி. ரிமோட்டைத் தேடியெடுத்து அந்த இடத்தை மட்டும் நான்கு முறை திருப்பிப் பார்த்தேன். வைல்டர் இந்த வேடத்தைக் கொண்டுபோனபோது ஸ்டான்விக் தயங்கியிருக்கிறார். அதுவரை இப்படி ஈவிரக்கமில்லாத கொலைகாரியாக நடித்ததில்லை. நீங்கள் நடிகையா, சுண்டெலியா என்று வைல்டர் கேட்க, நடிகை என்றுதான் நம்புகிறேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு அவர் படங்களைத் தேடித்தேடிப் பார்க்க ஆரம்பித்தேன், தொலைக்காட்சித் தொடர்களையும் சேர்த்து. எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள், எல்லாம் பார்த்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பார்த்தவரையில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது, இந்தப் பதிவே அதைச் சொல்லத்தான்.

முதலில் பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் ரூபி ஸ்டீவன்ஸ். 1907இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். நான்கு வயதில் அம்மா போய்விட்டார். குடிபோதையில் யாரோ ஒருவன் இடித்ததில் டிராமிலிருந்து விழுந்தவர், பிறகு பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் அப்பா பனாமா கால்வாய் வெட்டும் வேலைக்கு என்று கிளம்பினார், திரும்பி வரவே இல்லை. அப்புறம் அக்கா வீடு, காசுக்குப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் ஊரார் வீடு என்று மாறிமாறி வளர்ந்த குழந்தை. அடிக்கடி ஓடிப்போய்விடுமாம். தேடினால் எங்கே இருக்கும் தெரியுமா, அம்மாவோடு குடியிருந்த பழைய வீட்டு வாசல்படியில். படிப்பு 14 வயதோடு நின்றது. கடையில் பார்சல் கட்டினார், டெலிபோன் கம்பெனியில் வாரம் 14 டாலருக்கு அட்டைகளை அடுக்கினார். (இதே பெண்தான் 1948இல் 'சாரி, ராங் நம்பர்' படத்தில் கட்டிலைவிட்டு எழ முடியாமல் டெலிபோனைக் கட்டிக்கொண்டு அழும் வேடத்தில் ஆஸ்கர் பரிந்துரை வாங்கினார். தலையெழுத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போல.) பதினாறு வயதுக்குள் நியூயார்க்கின் பெரிய நடனக் காட்சிகளில் கூட்டத்தோடு ஆடும் பெண்களில் ஒருத்தி. 1926இல் 'தி நூஸ்' என்ற மேடை நாடகத்தில் சின்ன வேடம் ஒன்று அவருக்காகவே பெரிதாக்கப்பட்டது. பழைய நாடக விளம்பரம் ஒன்றிலிருந்து பெயரையும் எடுத்துக் கொடுத்தார்கள், பார்பரா ஸ்டான்விக்.

பேசும்படம் வந்த நேரத்தில் ஹாலிவுட்டுக்குப் போனார். முதல் படங்கள் ஓடவில்லை. மனசு விட்டுப்போன நிலையில் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவைப் பார்க்கப் போயிருக்கிறார். கேட்ட கேள்விக்கெல்லாம் வெடுக்வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டு, பாதியில் எழுந்து போய்விட்டார். இது ஆகாது என்று காப்ரா முடிவுகட்டிய பிறகு, அப்போதைய கணவர் ஃபிராங்க் ஃபே போன் போட்டு, என் மனைவியை என்ன சொல்லி அழவைத்தீர்கள் என்று சத்தம் போட்டு, வேறொரு இடத்தில் எடுத்த ஒத்திகைப் படச்சுருளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மூன்று நிமிடம் ஓடும் சுருள். அதைப் பார்த்துக் காப்ரா ஆடிப்போய்விட்டார். 'லேடீஸ் ஆஃப் லெஷர்' வேடம் அவருக்கே போனது. 1930.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. படப்பிடிப்பில் காப்ரா ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்தப் பெண் முதல் டேக்கில் மொத்தத்தையும் கொட்டிவிடுகிறாள். ஒத்திகை பார்த்தால் ஒத்திகையிலேயே கொட்டிவிடுவாள், அப்புறம் கேமரா ஓடும்போது வருவது ஆறிப்போன காப்பிதான். சினிமா எடுக்கிற முறைக்கு இது சரிப்பட்டு வராத குணம். தூரத்திலிருந்து ஒருமுறை, பக்கத்திலிருந்து ஒருமுறை, எதிராளியின் தோள்மேலிருந்து ஒருமுறை என்று ஒரே அழுகையை எட்டுத் தடவை அழவைப்பதுதான் சினிமா. அதனால் காப்ரா தன் முறையை மாற்றிக்கொண்டார். மற்ற நடிகர்களை மட்டும் வைத்து ஒத்திகை, இவரைக் கடைசியில் வரவழைப்பது, முக்கியமான காட்சியில் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவது. ஒளிப்பதிவாளருக்குத் தலைவலி. ஒரு கேமராவுக்கு அழகாக வைத்த விளக்கு அடுத்த கேமராவுக்குக் கண்ணைக் குத்தும். ஆனாலும் செய்தார்கள், ஏனென்றால் வேறு வழியில்லை. காப்ராவோடு மொத்தம் ஐந்து படங்கள் செய்தார் ஸ்டான்விக்.

இதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தொலைக்காட்சிக்கு வரும்போது உதவும்.

முப்பதுகளில் அவர் செய்த படங்களில் பாதி இன்றைக்குப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அதை ஒளிப்பானேன். 1933இல் வந்த 'பேபி ஃபேஸ்' மட்டும் விதிவிலக்கு. கள்ளச்சாராயக் கடையில் வளர்ந்த பெண் நியூயார்க் வங்கி ஒன்றில் நுழைந்து ஒவ்வொரு ஆணாகப் பிடித்து மேலே ஏறுகிறாள். ஏறுகிறாள் என்றால் நிஜமாகவே ஏறுகிறாள், ஒவ்வொருத்தன் முடிந்ததும் கேமரா கட்டடத்தின் வெளிப்புறமாக ஒரு மாடி மேலே போகும். தணிக்கைக்காரர்கள் சும்மா விடுவார்களா, வெட்டித் தள்ளினார்கள். வெட்டாத பிரதி 2004இல்தான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. அவள் கழற்றிவிடுகிற ஆட்களில் ஒருத்தர் பின்னாளில் கௌபாய் நட்சத்திரமான இளம் ஜான் வெய்ன், கோட்டும் டையும் போட்டு, பாவமாக. குதிரையில்லாமல் அவரைப் பார்க்கவே எனக்குச் சிரிப்பு.

1937இல் 'ஸ்டெல்லா டாலஸ்', முதல் ஆஸ்கர் பரிந்துரை. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கு ஆரம்பத்தில் இவரைப் போடவே இஷ்டமில்லை, ஒத்திகைப் படம் எடுத்துக் காட்டித்தான் வேடம் வாங்கினார். நாகரிகம் தெரியாத அம்மா, மகளின் நல்வாழ்வுக்காக அவளைத் தன்னிடமிருந்து விரட்டிவிடுகிறாள். கடைசியில் மகளுக்குக் கல்யாணம், பணக்கார வீட்டு ஜன்னல் வழியாகத் தெரிகிறது, அம்மா மழையில் இரும்புக் கம்பிக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு பார்க்கிறாள். போலீஸ்காரர் போகச் சொல்கிறார். இன்னும் கொஞ்ச நேரம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சுகிறாள். பார்த்துவிட்டு, நம்மை நோக்கி நடந்து வருகிறாள், முகமெல்லாம் வெற்றி. இங்கிலீஷ் தெரியாத என் அம்மா இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பைத்தியக்காரி, உள்ள போயிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரிந்தது.

ஆனால் யாராவது என்னிடம் ஒரே ஒரு படம் சொல் என்றால் நான் 1941இல் வந்த 'தி லேடி ஈவ்' என்றுதான் சொல்வேன். பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கிய நகைச்சுவை. ஸ்டான்விக் சீட்டாட்ட மோசடிக்காரி, அப்பாவும் மகளுமாகக் கப்பலில் பணக்காரர்களை மொட்டையடிக்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா பீர்க் கம்பெனி முதலாளியின் பையன், அமேசான் காட்டில் ஒரு வருஷம் பாம்பு பிடித்துவிட்டு வருகிறவர், பெண்களைக் கண்டால் பயம். கப்பல் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் பாம்பைப் பற்றிய புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூடத்திலுள்ள அத்தனை பெண்களும் அவர்மேல் கண். ஸ்டான்விக் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பவுடர் டப்பாவின் சின்னக் கண்ணாடியைத் திறந்து பிடிக்கிறார். அந்தக் கண்ணாடிக்குள் நமக்கு மொத்தக் கூடமும் தெரிகிறது. ஒருத்தி கைக்குட்டையைக் கீழே போடுகிறாள், ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறாள். எல்லாவற்றுக்கும் ஸ்டான்விக் கிரிக்கெட் வர்ணனையாளர் மாதிரி ஓடவிட்டுக் குரல் கொடுக்கிறார், அந்தப் பெண்கள் பேசுவதையும் இவரே பேசி, அவன் பதிலையும் இவரே சொல்லி. கடைசியில் ஃபோண்டா எழுந்து வெளியே போகிறார். இவர் மேசைக்கடியிலிருந்து ஒரு காலை நீட்டுகிறார். அவ்வளவுதான். ஆள் குப்புற விழுகிறார். என் செருப்புக் குதியை உடைத்துவிட்டாயே, வந்து வேறு செருப்பு மாட்டிவிடு என்று திட்டி அறைக்கு அழைத்துப் போகிறார். கண்ணாடிக் காட்சி முழுக்க அவர் நாற்காலியைவிட்டு அசையவில்லை, பேச்சும் கண்ணும் மட்டும்தான். நடிப்புப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

அதே 1941இல் இன்னொரு நகைச்சுவை 'பால் ஆஃப் ஃபயர்', இரண்டாவது ஆஸ்கர் பரிந்துரை. மூன்றாவது 'டபுள் இண்டெம்னிட்டி', நான்காவது அந்த டெலிபோன் படம். நான்கிலும் கிடைக்கவில்லை. இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது. அவர் எந்த ஸ்டுடியோவின் வீட்டுப்பிள்ளையாகவும் இருக்கவில்லை. மற்ற நட்சத்திரங்கள் ஒரே கம்பெனியில் வருஷக்கணக்கில் கட்டுண்டு கிடந்த காலத்தில் இவர் பெரும்பாலும் சுதந்திரமாக இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று செய்தார். வேடம் பொறுக்கும் உரிமை கையில் இருந்தது, ஓட்டுத் திரட்டித் தர ஆள் இல்லை. சம்பளத்தில் குறையில்லை. 1944இல் அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய பெண் அவர்தான் என்று அரசாங்கக் கணக்கே சொன்னது, சுமார் 4 லட்சம் டாலர்.

செட்டில் அவரை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். விளக்குப் பிடிக்கிறவர், தச்சர், எல்லார் பெயரும் தெரியும், வசனம் முழுவதும் மனப்பாடமாகத்தான் வருவார். 1952இல் 'கிளாஷ் பை நைட்' படத்தில் வளர்ந்துவந்த மர்லின் மன்றோ வசனத்தைத் திரும்பத்திரும்பத் தவறவிட்டபோது செட்டே பல்லைக் கடிக்க, ஒருதரம்கூட முகம் சுளிக்காமல் கூட நின்றவர் இவர். யோசித்துப் பாருங்கள், முதல் டேக்கிலேயே எல்லாம் தீர்ந்துவிடுகிற ஒருத்தர் அடுத்தவருக்காக இருபது டேக் நிற்பது என்றால் என்ன வாதை. எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. அரசியலில் கடும் வலதுசாரி, கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் அந்தப் பக்கம் நின்ற சங்கத்தில் இருந்தவர். தத்தெடுத்த மகனோடு உறவு முறிந்தது ஒட்டவே இல்லை. அதையெல்லாம் பூசி மெழுகி எனக்கு ஆகப்போவது எதுவுமில்லை.

ஐம்பதுகளில் வழக்கமான கதை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு ஹாலிவுட்டில் என்ன வேலை? தலைமுடி சீக்கிரமே நரைத்துவிட்டது, அவர் சாயம் பூச மறுத்தார். வந்த வேடங்களில் அவர் விரும்பிச் செய்தது கௌபாய் படங்கள். 1957இல் சாமுவேல் ஃபுல்லரின் 'ஃபார்ட்டி கன்ஸ்'. குதிரை மிதிவளையத்தில் கால் மாட்டிக்கொண்டு தரையில் இழுபட்டுப் போகும் காட்சி. ஸ்டண்ட் ஆட்கள் ஆபத்து என்று மறுத்துவிட்டார்கள். இவர் தானே செய்தார், வயது ஐம்பதை ஒட்டி. அதுவும் சரியாக வரவில்லையென்று இன்னொரு முறை, மறுபடி ஒரு முறை. அழுகையை இரண்டாம் முறை அழ முடியாதவர் குதிரையில் மட்டும் எத்தனை டேக் வேண்டுமானாலும் இழுபடத் தயார்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் சினிமாவில் அவர் இல்லை. சின்னத்திரைக்குப் போனார். அந்தக் காலத்தில் சினிமா நட்சத்திரம் டிவிக்குப் போவதென்றால் வாழ்ந்து கெட்ட குடும்பம் வாடகை வீட்டுக்குப் போவது மாதிரி. அவருக்கு அந்த வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. பெண்ணை நடுவில் வைத்து ஒரு கௌபாய் தொடர் என்பதுதான் அவர் ஆசை. கிடைத்தது 1960இல் 'தி பார்பரா ஸ்டான்விக் ஷோ', வாரம் ஒரு தனிக்கதை, தொடக்கத்தில் இவர் பட்டுக்கவுன் போட்டு வந்து கதையை அறிமுகப்படுத்த வேண்டும். யூடியூபில் ஒன்றிரண்டு பார்த்தேன். கதைக்குள் இருக்கும்போது சிங்கம், வரவேற்புரை பேசும்போது கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்திவைத்த பெண் மாதிரி கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார். டிவிக்கு ஆஸ்கர் மாதிரியான எம்மி விருது வந்தது, தொடர் ஒரே சீசனில் நின்றது.

1965இல் 'தி பிக் வேலி'. ஆசைப்பட்டது கடைசியில் கைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கம், 1870கள், பெரிய பண்ணை, புருஷனை இழந்த விக்டோரியா பார்க்லி, வளர்ந்த பிள்ளைகள். முதல் கதையிலேயே செத்துப்போன புருஷனுக்கு வேறொருத்தியிடம் பிறந்த மகன் பங்கு கேட்டு வந்து நிற்கிறான், லீ மேஜர்ஸ். அவனை ஏற்றுக்கொள்கிற அம்மா. வெள்ளைமுடி, இறுக்கமான கால்சட்டை, கையில் துப்பாக்கி, பெயர் போடும்போது 'மிஸ் பார்பரா ஸ்டான்விக்' என்று மரியாதையோடு. நான்கு சீசன், 112 பகுதிகள், 1966இல் இன்னொரு எம்மி.

இப்போது காப்ராவின் கண்டுபிடிப்புக்குத் திரும்பலாம். ஒரு மணிநேரப் பகுதியை ஒரே வாரத்தில் எடுத்துத் தள்ளுகிற இடம் டிவி. இரண்டாவது டேக்குக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. ஒத்திகை என்பது நடந்துகொண்டே வசனத்தை ஒருமுறை சொல்லிப் பார்ப்பது. சினிமாவிலிருந்து வந்த பலர் அங்கே திணறினார்கள். இவருக்கோ, முப்பத்தைந்து வருஷம் முன்னால் காப்ராவை விளக்கு மாற்றிவைக்க விட்ட அதே குணம், இங்கே வரமாகிவிட்டது. கேமரா ஓடும், கொட்டுவார், அடுத்த காட்சி. அதனால்தான் கதை சப்பென்று இருக்கிற பகுதியில்கூட (இருக்கின்றன, ஏராளமாக) அவர் முகத்துக்குப் போகும்போது படம் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறது. மகளாக நடித்த லிண்டா எவன்ஸ் பிற்காலத்தில் ஒரு கதை சொல்வார். உனக்கு எல்லாம் இருக்கிறது, உள்ளே வந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அந்த ஆளுமை மட்டும் இல்லை என்றாராம் ஸ்டான்விக். அது எப்படி வரும் என்று பெண் கேட்க, காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, கதவு திறந்து உள்ளே போகவேண்டிய நொடியில் பின்னாலிருந்து விட்டாராம் ஒரு உதை. பாய்ந்துதான் உள்ளே போனாராம்.

1983இல் 'தி தார்ன் பேர்ட்ஸ்' என்ற டிவி குறுந்தொடர். ஆஸ்திரேலியப் பண்ணையின் பணக்காரக் கிழவி, அழகான இளம் பாதிரியார்மேல் ஆசை வைத்திருக்கிறாள். மழையில் நனைந்து வந்து நிற்கிற ரிச்சர்ட் சேம்பர்லேனின் முதுகில் கையை வைக்கிறார், கை வயதானது, விரல் அப்படியில்லை. சாவதற்கு முன் அவரைப் பார்த்து, இந்தப் பாழாய்ப்போன உடம்புக்குள் நான் இன்னும் சின்னவள்தான், இன்னும் ஆசைப்படுகிறேன், இன்னும் கனவு காண்கிறேன் என்று ஒரு பேச்சு. கோபமா, காதலா, வெட்கமா, பிரிக்க முடியாது. மூன்றாவது எம்மி. மேடையேறியவர் தன்னைப் பற்றிப் பேசாமல், போட்டியில் தோற்ற ஆன் மார்கரெட்டின் நடிப்பு தான் பார்த்ததிலேயே மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று பாராட்டிவிட்டு இறங்கினார்.

ஆஸ்கர் கதை ஒன்று பாக்கி. 1939இல் 'கோல்டன் பாய்' (தங்கப் பையன்) படத்தில் வில்லியம் ஹோல்டன் புதுமுகம், சரியாக வரவில்லை, தூக்கிவிடலாம் என்று தயாரிப்பாளர்கள் முடிவெடுத்தபோது, பையன் இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்று தினமும் வசனம் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டான்விக். 1978 ஆஸ்கர் மேடையில் இருவரும் ஏதோ ஒலிப்பதிவு விருது கொடுக்க வந்தார்கள். ஹோல்டன் எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு, நான் இன்று இங்கே நிற்பதே இவரால்தான் என்றார். ஸ்டான்விக் முகத்தைப் பார்க்கவேண்டும், ஒத்திகையே பார்க்காத காட்சி. 1981 நவம்பரில் ஹோல்டன் இறந்துவிட்டார். அடுத்த மார்ச்சில் ஸ்டான்விக்குக்குக் கௌரவ ஆஸ்கர். எனக்கு ஆஸ்கர் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவன், என் தங்கப் பையா, உன் ஆசை நிறைவேறிவிட்டது என்று சிலையைத் தூக்கிக் காட்டினார். அந்தத் துண்டுக் காட்சி இணையத்தில் கிடைக்கும், இரண்டு நிமிடம்தான், தனியாக இருக்கும்போது பாருங்கள்.

கடைசியாக 'தி கோல்பீஸ்' என்ற பகட்டுத் தொடர், ஒரு சீசனோடு வெளியே வந்துவிட்டார், பார்த்தால் ஏனென்று தெரியும். 1990 ஜனவரி 20, 82 வயது. சிகரெட் நுரையீரலைத் தின்றிருந்தது. இறுதிச்சடங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாம்பலை கலிஃபோர்னியாவின் லோன் பைன் மலைப்பகுதியில் தூவினார்கள், எண்ணற்ற கௌபாய் படங்கள் எடுத்த இடம்.

போன வாரம் 'டபுள் இண்டெம்னிட்டி'யை மறுபடி போட்டேன், ஐந்தாவது தடவை. அந்த விக் வேண்டுமென்றே வைத்தது, அவள் போலித்தனம் தெரியட்டும் என்றுதான், என்று வைல்டர் பிற்பாடு சமாளித்திருக்கிறார். நான் நம்பவில்லை. மாடிப்படியில் வந்து நின்றதும் இந்த முறையும் சிரித்துவிட்டேன்.